ஆஸ்பத்திரிக்குக் காவல் ஒரு கையெழுத்து

கரம்பொனில் ஒருவருக்கு வருத்தம் கடுமையானால் முதலில் ஊர்காவற்றுறை ஆதார வைத்தியசாலை. அங்கே சமாளிக்க ஏலாது என்றால் அம்புலன்ஸ் நாரந்தனை, வேலணை, மண்கும்பான், அல்லைப்பிட்டி என்று ஓடிப் பண்ணைப் பாலத்தில் ஏறும். பாலம் முடிகிற இடத்தில் யாழ்ப்பாணக் கோட்டை. கோட்டையைத் தாண்டினால் கொஞ்ச நேரத்தில் யாழ் போதனா வைத்தியசாலை, எங்கட ஆக்களின் வாயில் 'பெரியாஸ்பத்திரி'. காரைநகருக்குப் போகிற 'பாதை'யைத் தவிர்த்துப் பார்த்தால் தரைவழி இது ஒன்றுதான். நெடுந்தீவு, நயினாதீவு ஆக்களுக்கு இதற்கு முன்னால் கடலும் இருக்கிறது.

போரில்லாத காலத்தில் இது வெறும் பயணம். போர் வந்தபோது இந்தப் பூகோளமே எங்களுக்கு எதிரியாகியது. கோட்டையில் படை இருந்தது. கோட்டையில் இருந்து நடந்து போகிற தூரத்தில் வடக்கின் மிகப் பெரிய ஆஸ்பத்திரி இருந்தது. தீவகத்து நோயாளி ஆஸ்பத்திரிக்குப் போவதென்றால் கோட்டைச் சுவரைக் கடந்துதான் போக வேணும். ஆஸ்பத்திரியைச் சுற்றி ஒரு கோடு போட்டு "இதற்குள் துவக்கு வரக்கூடாது" என்று யாராவது சொல்லியே ஆக வேண்டியிருந்தது. யார் சொன்னார்கள், எப்போது சொன்னார்கள், சொல்லாதபோது என்ன நடந்தது என்பதை வரிசையாக எழுதிப் பார்த்தால், இன்றைக்கு எங்கட அரசியல்வாதிகளிடம் எதைக் கேட்க வேணும் என்பதும் தெளிவாகிறது. அதற்காகத்தான் இந்தக் கட்டுரை.

1987 ஒக்டோபர் 21. அன்று தீபாவளி. ஜூலை 29 இல் இலங்கை இந்திய ஒப்பந்தம் கையெழுத்தாகி மூன்று மாதம்கூட ஆகவில்லை. அமைதிகாக்க வந்த படை யாழ்ப்பாண நகரத்தைக் கைப்பற்றச் சண்டை பிடித்துக்கொண்டிருந்தது. அன்று பின்னேரம் இந்தியப் படையினர் பெரியாஸ்பத்திரி வளாகத்துக்குள் நுழைந்து சுட்டார்கள். கைக்குண்டு எறிந்தார்கள். எக்ஸ்ரே பகுதிக்குள் ஒதுங்கியிருந்த நோயாளிகளும் பணியாளர்களும் பிணங்களுக்கு நடுவே இரவு முழுக்க அசையாமல் கிடந்தார்கள். அடுத்த நாள் காலை குழந்தை வைத்திய நிபுணர் சிவபாதசுந்தரம், தாதியர் சிலரோடு கையை உயர்த்தியபடி, தாங்கள் வைத்தியரும் தாதியரும் என்று உரக்கச் சொல்லிக்கொண்டு வெளியே நடந்து வந்தார். அவரைச் சுட்டுக் கொன்றார்கள். வைத்தியர்கள் கணேசரத்தினம், பரிமேலழகர் ஆகியோரும் கொல்லப்பட்டார்கள். மொத்தம் அறுபதுக்கு மேற்பட்டவர்கள். அதில் 21 பேர் ஆஸ்பத்திரிப் பணியாளர்கள்.

இந்தியப் படைத்தரப்பு இதை மோதலுக்கு நடுவே நடந்த ஒன்றாகத்தான் சொல்லிவந்தது. ஒருவர்கூடத் தண்டிக்கப்படவில்லை.

இந்த இடத்தில் பலர் சொல்லாமல் விடுகிற ஒரு பகுதி இருக்கிறது. யாழ் மருத்துவ பீடத்தின் உடற்கூற்றியல் துறைத் தலைவராக இருந்த ராஜினி திரணகம உட்பட நான்கு பல்கலைக்கழக ஆசிரியர்கள் சேர்ந்து எழுதிய 'முறிந்த பனை' அந்த நாளைப் பதிவு செய்திருக்கிறது. படையினர் நுழைவதற்கு முன்னர் புலிகளின் ஆயுதம் தாங்கிய ஆக்கள் வளாகத்துக்குள் வந்திருந்தார்கள் என்றும், வைத்தியர் கணேசரத்தினம் அவர்களிடம் போய் வெளியேறும்படி கேட்டார் என்றும் அதில் இருக்கிறது. எங்களுக்கு இது மிக முக்கியமான விபரமாகப் படுகிறது. கொலையின் பழியைக் குறைக்க இதைச் சொல்லவில்லை. கையை உயர்த்திக்கொண்டு வந்த டொக்டரைச் சுட்டதற்கு வளாகத்தில் முந்தின நாள் யார் நின்றார்கள் என்பது எந்த விதத்திலும் நியாயமாகாது. ஆனால் கவனியுங்கோ: அன்று பெரியாஸ்பத்திரியில் 'இது ஆஸ்பத்திரி, ஆயுதம் வெளியே' என்ற சட்டத்தை நடைமுறைப்படுத்த முயன்றது ஒரு டொக்டர் மட்டும்தான். அரசாங்கம் இல்லை, தூதரகம் இல்லை, பாராளுமன்ற உறுப்பினர் இல்லை. கழுத்தில் ஸ்டெதஸ்கோப்போடு நின்ற ஒரு மனுசர் ஆயுதக்காரரோடு கதைத்துக்கொண்டிருந்தார், அன்றைக்கே செத்தும் போனார். அரசியல் செய்ய வேண்டிய வேலையை டொக்டரின் தலையில் போட்டால் முடிவு இப்படித்தான். ராஜினியும் 1989 செப்டம்பர் 21 இல் சுட்டுக் கொல்லப்பட்டார்.

மூன்று வருஷம் கழித்து அதே ஆஸ்பத்திரியில் வேறொன்று நடந்தது. அதைப் பற்றி எங்கட தலைமுறையில் கனபேருக்குத் தெரியாது.

1990 ஜூனில் மறுபடி போர். புலிகள் கோட்டையை முற்றுகையிட்டார்கள். உள்ளே இலங்கைப் படை. கோட்டைக்கும் வெளிக்கும் நடுவே ஷெல் பறக்க, பக்கத்தில் இருந்த பெரியாஸ்பத்திரி அதன் இடத்தில் இயங்க முடியாமல் போனது. முற்றுகையை உடைப்பதற்காக ஓகஸ்டில் படை தீவகத்தில் இறங்கியது. அல்லைப்பிட்டி, மண்கும்பான், மண்டைதீவுக்காரருக்கு அந்த மாதத்தைப் பற்றி நாங்கள் சொல்லித்தர வேண்டியதில்லை. பிடித்துக்கொண்டு போன பெடியள் திரும்பி வரவேயில்லை. பண்ணைப் பாதையும் போர்க்களமாகியது. காயப்பட்டவர் ஒருபக்கம், ஆஸ்பத்திரி மறுபக்கம், நடுவில் கடல்.

செப்டம்பர் கடைசியில் படை கோட்டையை விட்டு வெளியேறியது. அதற்குப் பிறகு அந்த வருஷத்தின் இறுதியில் சர்வதேச செஞ்சிலுவைக் குழு அரசாங்கத்தோடும் புலிகளோடும் தனித்தனியாகப் பேசி, பெரியாஸ்பத்திரியையும் அதைச் சுற்றியுள்ள பகுதியையும் பாதுகாப்பு வலயமாக்கியது. வானத்தில் இருந்து தெரியும்படி சிலுவைக் குறி. வலயத்துக்குள் ஆயுதத்தோடு யாரும் வரக்கூடாது. ஆஸ்பத்திரி திரும்பவும் திறந்தது. 1991 ஒக்டோபரில் தீவகம் முழுக்கப் படையின் வசமாகி எங்கட சனம் குடாநாட்டுக்குள் இடம்பெயர்ந்தபோது, அகதியாய்ப் போன இடத்தில் அவர்களுக்கு அந்த ஆஸ்பத்திரி இருந்தது. பொருளாதாரத் தடை, மின்சாரம் இல்லை, மருந்துத் தட்டுப்பாடு, ஊரெல்லாம் குண்டு. ஆனாலும் ஆஸ்பத்திரி இருந்தது. எங்கட அம்மம்மாமாரில் யாரிடமாவது கேட்டுப் பாருங்கோ, "செஞ்சிலுவைக்காரர் நிண்டவை" என்று சொல்லுவினம்.

1987 இற்கும் 1990 இற்கும் இடையில் என்ன மாறியது? சட்டம் மாறவில்லை. ஆஸ்பத்திரியைத் தாக்கக்கூடாது என்ற ஜெனீவா உடன்படிக்கை 1949 இலேயே வந்துவிட்டது. இலங்கை 1959 இல் அதில் சேர்ந்துவிட்டது, இந்தியா அதற்கும் முன்னரே. படைகளின் மனசு மாறியது என்றும் சொல்ல ஏலாது. அந்த வருஷங்களில் நடந்தவற்றைப் பார்த்தால் தெரியும். மாறியது ஒன்றுதான். சண்டை பிடிக்கிற இரண்டு தரப்பும், இந்த இடம், இந்த எல்லை, இந்த நிபந்தனை என்று முன்கூட்டியே ஒப்புக்கொண்டார்கள். மீறினால் கேட்பதற்கு அங்கே ஒருவர் நின்றார். ஆஸ்பத்திரிப் பாதுகாப்பு என்பது இரக்கத்தால் வருவதில்லை. அது பேரம் பேசி வாங்குகிற அரசியல் ஒப்பந்தம். பேரம் பேசியது எங்கட தலைவர்கள் இல்லை, சுவிற்சர்லாந்தில் இருந்து வந்தவர்கள் என்பதுதான் கொஞ்சம் உறுத்துகிறது.

2006 ஓகஸ்டில் தீவகத்துக்கு மறுபடி அந்த நிலைமை. 13 ஆம் திகதி அல்லைப்பிட்டி புனித பிலிப்பு நேரியார் தேவாலயத்தில் சனம் தஞ்சம் புகுந்திருந்தபோது ஷெல் விழுந்தது. குறைந்தது 15 பேர் இறந்தார்கள். பங்குத்தந்தை ஜிம் பிறவுண் அடிகளார் ஊரவர்கள் ஊர்காவற்றுறைக்கு வெளியேற உதவினார். ஒரு கிழமைக்குப் பிறகு, ஓகஸ்ட் 20 இல், அவரும் உடன் போன ஒருவரும் காணாமல் போனார்கள். காயப்பட்டவரைக் காப்பாற்ற ஓடுகிறவருக்கும் சட்டத்தில் பாதுகாப்பு உண்டு, ஆஸ்பத்திரிக் கட்டடத்துக்கு மட்டுமில்லை. அந்தப் பாதுகாப்பு அல்லைப்பிட்டி வரைக்கும் வந்து சேரவில்லை.

2009 ஐப் பற்றி எழுதும்போது 1990 ஐப் பக்கத்தில் வைத்துக்கொள்ள வேணும். வன்னியில் ஆஸ்பத்திரிகள் இருந்த இடம் தெரியாமல் அடித்தார்கள் என்று யாரும் சொல்ல ஏலாது. புள்ளி விலகாமல் ஆள்கூறுகள் அரசாங்கத்திடம் கொடுக்கப்பட்டிருந்தன. பெப்ரவரித் தொடக்கத்தில் புதுக்குடியிருப்பு ஆஸ்பத்திரி திரும்பத் திரும்பத் தாக்கப்பட்டு, சில நாட்களில் நோயாளிகளை அங்கிருந்து ஏற்றிக்கொண்டு போக வேண்டியதாயிற்று. அப்போதைய பாதுகாப்புச் செயலாளர் கோட்டாபய ராஜபக்ஷ ஒரு பிரித்தானியத் தொலைக்காட்சியிடம், பாதுகாப்பு வலயத்துக்கு வெளியே ஆஸ்பத்திரி ஒன்று இருக்கவே கூடாது, அங்கே இருப்பதெல்லாம் தாக்கக்கூடிய இலக்குத்தான் என்ற பொருளில் பேசினார். அந்தப் பேச்சைச் சட்டப் புத்தகத்தோடு ஒப்பிட்டுப் பாருங்கோ. நான்காம் ஜெனீவா உடன்படிக்கையின் 19 ஆம் பிரிவு சொல்வது இது: ஓர் ஆஸ்பத்திரி எதிரிக்குத் தீங்கு செய்யப் பயன்பட்டால் மட்டும்தான் பாதுகாப்பு போகும், அப்போதும் முதலில் எச்சரிக்கை கொடுத்து, நியாயமான அவகாசம் கொடுத்து, அதையும் கேட்காவிட்டால்தான். உள்ளே காயப்பட்ட போராளி படுத்திருக்கிறார் என்பது காரணமே ஆகாது. அந்தப் பிரிவு நாடுகளுக்கு இடையிலான போருக்கு எழுதப்பட்டது என்று கொழும்பு வாதிடலாம். அந்த ஓட்டையைப் பற்றிப் பிறகு சொல்கிறோம்.

புதுக்குடியிருப்புக்குப் பிறகு புதுமாத்தளன் பள்ளிக்கூடத்தில் ஆஸ்பத்திரி. அதற்குப் பிறகு முள்ளிவாய்க்கால். பெப்ரவரி 10 முதல் செஞ்சிலுவைக் குழு கப்பலில் காயப்பட்டவர்களையும் உறவினரையும் திருகோணமலைக்கு ஏற்றியது. மே மாதம் வரைக்கும் சுமார் 14,000 பேர். அதே காலத்தில் முள்ளிவாய்க்கால் ஆஸ்பத்திரியில் மே 2 இலும் 12 இலும் ஷெல் விழுந்து ஆக்கள் கும்பலாகச் செத்தார்கள். 2008 டிசம்பரில் இருந்து வன்னியில் ஆஸ்பத்திரிகள் மீது குறைந்தது 30 தாக்குதல்கள் என்று மனித உரிமைகள் கண்காணிப்பகம் அந்த மேயிலேயே எழுதியது. ஐநா செயலாளர் நாயகம் நியமித்த நிபுணர் குழு 2011 இல், போர்முனையில் இருந்த ஆஸ்பத்திரிகளை அரசாங்கம் திட்டமிட்ட முறையில் ஷெல்லடித்தது என்றும், சத்திரசிகிச்சைக்கு வேண்டிய மருந்துப் பொருட்களை மறித்தது என்றும் சொன்னது. ஆஸ்பத்திரி போன்ற இடங்களுக்கு அண்மையில் இருந்து புலிகள் சுட்டார்கள், ஆயுதங்களை வைத்திருந்தார்கள் என்றும் அதே அறிக்கை சொல்கிறது. 1990 இல் ஒப்புக்கொண்ட இரண்டு தரப்பும் 2009 இல் ஒப்புக்கொள்ளவில்லை. குண்டு வந்த பக்கத்தையும் தொகையையும் பார்த்தால் இரண்டும் சமமில்லை. ஆனால் எங்கட பக்கத்தைப் பற்றிப் பேசாமல் விட்டால் மற்றப் பக்கத்தைக் கேட்கிற குரலும் கம்மிப் போகும்.

அங்கே கடைசி வரைக்கும் நின்ற வைத்தியர்கள் வரதராஜா, சத்தியமூர்த்தி, சண்முகராஜா ஆகியோர் அரசாங்க சம்பளத்தில் இருந்த அரசாங்க டொக்டர்மார். தொலைபேசியில் உலகத்துக்கு நிலைமையைச் சொன்னவர்கள். போர் முடிந்ததும் அவர்களும் இன்னும் சில சக வைத்தியர்களும் கைது செய்யப்பட்டார்கள். ஜூலை 8 இல் கொழும்பில் பத்திரிகையாளர் முன்னால் அவர்களை இருத்தி, முன்பு சொன்ன தொகைகள் மிகை என்று சொல்ல வைத்தார்கள். வைத்தியம் பார்த்ததற்காக எவரையும் தண்டிக்கக் கூடாது என்று ஒரு சட்டம் உலகத்தில் இருக்கிறது. ஜெனீவா உடன்படிக்கைகளின் இரண்டாம் மேலதிக நெறிமுறை, 10 ஆம் பிரிவு.

ஆனால் இலங்கை அதில் கையெழுத்து வைக்கவில்லை.

இதுதான் அந்த ஓட்டை. 1949 உடன்படிக்கைகளின் பெரும்பகுதி இரண்டு நாடுகள் மோதுவதை நினைத்து எழுதப்பட்டது. உள்நாட்டுப் போருக்கென்று அதில் இருப்பது பொதுவான 3 ஆம் பிரிவு மட்டும். காயப்பட்டவரையும் நோயாளியையும் எடுத்துப் பராமரிக்க வேணும் என்று ஒரு வரியில் முடித்துவிடும். உள்நாட்டுப் போரில் ஆஸ்பத்திரி, டொக்டர், தாதி, அம்புலன்ஸ் எல்லாவற்றுக்கும் விபரமாகப் பாதுகாப்புத் தருவது 1977 இல் வந்த இரண்டாம் நெறிமுறை. 160 இற்கும் மேற்பட்ட நாடுகள் சேர்ந்துவிட்டன. இலங்கை சேரவில்லை, 1987 இல் இங்கே வந்த இந்தியாவும் சேரவில்லை. வழமைச் சட்டப்படி ஆஸ்பத்திரிக்கு எப்படியும் பாதுகாப்பு உண்டு என்று சட்டம் படித்தவர்கள் சொல்லுவார்கள். சரிதான். ஆனால் கொழும்பு நீதிமன்றத்தில் நிற்க வழமைச் சட்டம் போதாது, எழுத்தில் வேணும். 2006 இல் பாராளுமன்றம் ஜெனீவா உடன்படிக்கைகள் சட்டம் என்று இலக்கம் 4 ஆக ஒன்றை நிறைவேற்றியது. ஜிம் பிறவுண் அடிகளார் காணாமல் போன அதே வருஷம். அந்தச் சட்டம் உள்நாட்டுப் போருக்கான 3 ஆம் பிரிவைக் குற்றமாக்கவில்லை. நாட்டில் நடந்துகொண்டிருந்தது உள்நாட்டுப் போர். நிறைவேற்றிய சட்டம் வெளிநாட்டுப் போருக்கு! யார் அதை எழுதினார்களோ, யோசித்துத்தான் எழுதியிருப்பார்கள் என்று எங்களுக்குத் தோன்றுகிறது.

"சட்டம் இருந்தென்ன, காசாவில் என்ன நடக்குது" என்று எங்கட வட்டத்துக்குள்ளேயே கேட்டார்கள். நியாயமான கேள்வி. 2015 ஒக்டோபரில் ஆப்கானிஸ்தானின் குண்டூஸில் எல்லைகளற்ற மருத்துவர்கள் அமைப்பின் ஆஸ்பத்திரியை அமெரிக்க விமானம் தாக்கி 42 பேர் இறந்தார்கள். அடுத்த வருஷம் மே 3 இல் ஐநா பாதுகாப்புச் சபை ஆஸ்பத்திரிப் பாதுகாப்புக்காக 2286 ஆம் இலக்கத் தீர்மானத்தை ஏகமனதாக நிறைவேற்றியது. அதற்குப் பிறகும் சிரியாவில், உக்ரைனில், சூடானில், காசாவில் ஆஸ்பத்திரிகள் தாக்கப்பட்டுக்கொண்டே இருக்கின்றன. 2025 மார்ச்சில் ரஃபாவில் 15 மீட்புப் பணியாளர்கள் கொல்லப்பட்டு, அவர்களின் அம்புலன்ஸ் வண்டிகளோடு மணலில் புதைக்கப்பட்டிருந்தார்கள். தீர்மானத்துக்குக் கை உயர்த்திய நாடுகளே தங்கள் நண்பர்கள் அடிக்கும்போது வாயை மூடிக்கொள்கின்றன. அதனால்தான் இந்தக் கேள்வியைச் சட்டத்தரணிகளிடம் கேட்காமல் அரசியல்வாதிகளிடம் கேட்கிறோம். பெரியாஸ்பத்திரி வலயம் எங்களுக்குக் காட்டியது, அரசியல் விருப்பம் இருந்தால் காகிதத்தில் உள்ளது தரையில் இறங்கும் என்பதைத்தான்.

எங்கட அரசியல்வாதிகள் என்ன செய்கிறார்கள்? ஒவ்வோர் ஒக்டோபர் 21 இலும் பெரியாஸ்பத்திரியில் அஞ்சலி நடக்கிறது. மே 18 இல் முள்ளிவாய்க்காலில் சுடர் ஏற்றுகிறார்கள், கஞ்சி குடிக்கிறார்கள். அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை, நாங்களும் போகிறோம். ஆனால் டெல்லிக்குப் போகிற தலைவர்கள் 13 ஆம் திருத்தத்தைப் பற்றிக் கதைத்துவிட்டு வருகிறார்கள். 1987 ஒக்டோபரைப் பற்றி அங்கே ஒரு வார்த்தை கேட்டதாக நாங்கள் அறியவில்லை. தெற்கில் காசா ஆஸ்பத்திரிகளுக்காகப் பதாகை பிடிப்பவர்களில் எத்தனை பேர் புதுக்குடியிருப்பு என்ற பெயரைச் சொல்லுவார்கள்? முள்ளிவாய்க்காலுக்காக அழுகிற எங்கட ஆக்களில் எத்தனை பேர் காசாவுக்காகப் பேசுவார்கள்? யார் ஆஸ்பத்திரி, யார் குண்டு என்று பார்த்துத்தான் வாய் திறக்கும் என்றால், அது ஆஸ்பத்திரிக்கான கோரிக்கை இல்லை.

2024 நவம்பரில் யாழ் தேர்தல் மாவட்டத்தில் இருந்து தெரிவான ஆறு பாராளுமன்ற உறுப்பினர்களில் இரண்டு பேர் வைத்தியர்கள். கணேசரத்தினம் தனியாளாய்ப் போய்ச் சொன்ன அந்த வார்த்தையை, 225 பேர் இருக்கிற சபையில் எழுந்து சொல்வதற்கு இவர்களை விடப் பொருத்தமானவர்கள் யார்? கட்சி வேறு என்பது தெரியும். இதற்குக் கட்சி தேவையில்லை.

நாங்கள் கேட்பது பெரிய விஷயமும் இல்லை. இரண்டாம் மேலதிக நெறிமுறையில் இலங்கை சேர வேணும். 2006 இன் 4 ஆம் இலக்கச் சட்டத்தைத் திருத்தி, உள்நாட்டுப் போரில் ஆஸ்பத்திரியைத் தாக்குவதையும் வைத்தியரைத் தண்டிப்பதையும் குற்றமாக்க வேணும். 'பழைய காயத்தைக் கிளறுகிறீர்கள், நடவாத காரியம்' என்று சொல்லுகிறவர்களுக்கு ஒரு தகவல்: கண்ணிவெடித் தடை உடன்படிக்கையிலும் இலங்கை நீண்டகாலம் சேராமலே இருந்தது, 2017 டிசம்பரில் சேர்ந்தது, 2022 இல் அதற்கு உள்நாட்டுச் சட்டமும் வந்தது. வானம் இடிந்து விழவில்லை. 'புதுச் சட்டம் பழைய குற்றத்துக்குச் செல்லாது' என்பது இன்னொரு பதில். அரசியலமைப்பின் 13(6) ஐ எடுத்து முழுக்க வாசியுங்கோ. செய்த காலத்திலேயே நாடுகளின் சமூகம் ஏற்றுக்கொண்ட பொதுச் சட்டக் கோட்பாடுகளின்படி குற்றமாக இருந்த செயலுக்கு அங்கே விதிவிலக்கு இருக்கிறது. கைதூக்கி வந்த டொக்டரைச் சுடுவது 1987 இலும் குற்றம்தான்.

இதைக் கடிதமாக எழுதி ஆறு பேருக்கும் அனுப்புகிறோம், தமிழிலும் சிங்களத்திலும். பதில் வந்தால் இங்கேயே போடுவோம், வராவிட்டால் வரவில்லை என்றும் போடுவோம். பாராளுமன்றம் தூரம் என்று நினைக்கிறவர்களுக்குப் பிரதேச சபை கிட்ட இருக்கிறது. ஊர்காவற்றுறை, வேலணை, நெடுந்தீவு மூன்று சபைகளும் இந்த இரண்டு கோரிக்கையையும் தீர்மானமாக நிறைவேற்றி வெளிநாட்டலுவல்கள் அமைச்சுக்கு அனுப்பலாம். அதற்குக் காசும் தேவையில்லை, ஆளுநரின் அனுமதியும் தேவையில்லை. சபைக் கூட்டம் மாதம் ஒருமுறை நடக்கும். உங்கட வட்டார உறுப்பினரின் வீடு எந்த ஒழுங்கையில் என்று உங்களுக்கே தெரியும்.